மெரியனின் சுரினாம் ஓவியங்கள்: மறுபதிப்பு எப்படி?

மூன்று வாரமாக இந்தப் பெரிய புத்தகம் என் மேசையை விட்டு இறங்கவில்லை. பூச்சிகளை ஆராய்ந்து வரைந்த மரியா சிபில்லா மெரியன் 1699இல், 52 வயதில், இளைய மகளோடு கப்பலேறி தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமுக்குப் போனவர். புழுக்களை வளர்த்து, கூடு பிரிந்து பட்டாம்பூச்சி வெளிவரும்வரை காத்திருந்து அவர் வரைந்தவை 1705இல் 60 படங்களாக அச்சேறின.

முதலில் கொய்யாக் கிளைப் படத்தைத் திறங்கள். எறும்புகள் ஒன்றையொன்று பிடித்துப் பாலம் கட்டியிருக்கின்றன. கீழே ஒரு பெரிய சிலந்தி, ரீங்காரச் சிட்டு என்ற குட்டிப் பறவையை மல்லாத்திப் போட்டிருக்கிறது. சிலந்தியின் காலிலுள்ள மயிர்கூட இந்த அச்சில் தனித்தனியாகத் தெரிகிறது, அடேயப்பா!

என்னை உலுக்கியது மயில்கொன்றைப் படம்தான். பிறக்கும் பிள்ளைகளும் அடிமைகளாகிவிடக் கூடாதென்று அடிமைப் பெண்கள் அதன் விதையால் கருவைக் கலைத்தார்களாம். அவர்களே தன்னிடம் சொன்னதாக மெரியன் எழுதுகிறார். அந்தப் பக்கத்தை என்னால் சட்டென்று புரட்ட முடியவில்லை. காட்டில் அவருக்கு வழி வெட்டித் தந்தவர்களும் அடிமைகள்தான். அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

குறை என்றால், பச்சை நிறம் கொஞ்சம் அடர்ந்துவிட்டது, குறிப்புகளின் எழுத்து ரொம்பப் பொடி. தாள் தடிமன், தையல் கட்டு உறுதி. அப்புறம், மடியில் வைத்துப் படிக்க முடியாது, விரித்துப் போட நல்ல மேசை வேண்டும்.