விண்டோஸ் 11 போடக் கொடுத்தேன், 212 பக்கம் போய்விட்டது

லேப்டாப்பில் விண்டோஸ் மாற்றக் கடைக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் வீட்டிலேயே டைப்பிங் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ், கோயில் அழைப்பிதழ், எப்போதாவது ஒரு புத்தகம். லேப்டாப் 2018இல் வாங்கியது. வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸ் 10 ஹோம், அதாவது வீட்டு உபயோகத்துக்கான பதிப்பு, அதில் இருந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான சப்போர்ட் முடிகிறது என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததால், பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு சர்வீஸ் கடையில் போய்க் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான புது வகை டிஸ்க் போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்த நம்பிக்கை.

"இனிமே பழைய விண்டோஸ் வேலையே செய்யாது அக்கா. 11தான் போடணும். கூலி 1,200, ஒரிஜினல் லைசென்ஸ் 2,800" என்றார்கள். டெஸ்க்டாப்பில் முக்கியமான ஃபைல் இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னேன். "அதெல்லாம் பேக்கப் எடுத்துட்டுதான் கை வைப்போம்" என்றார் அந்தப் பையன். 4,000 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் மாலை லேப்டாப் வந்தது. திறந்தால் பளிச்சென்று புதுத் திரை, டெஸ்க்டாப்பில் குப்பைத் தொட்டி ஐகான் மட்டும். டிஸ்கை சி, டி என்று இரண்டு பகுதியாகப் பிரித்திருந்தது, அதில் டி டிரைவில் இருந்தவை அப்படியே இருந்தன. அங்கிருந்த ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைத் திறந்தேன். தமிழே இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல் அது. எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். பக்கம் முழுக்க அப்படியே நின்றது. எழுத்துருக்கள் எல்லாம் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தவை, அதை ஃபார்மட் செய்து முழுக்க அழித்ததும் சேர்ந்து போய்விட்டன. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. "சி டிரைவ் மட்டும்தான் அழிப்போம்" என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால், உங்கள் கண் முன்னால் இருக்கும் ஃபைல்களைத்தான் சொல்கிறார்கள்.

போன் செய்தால், "டி டிரைவுக்கு மாத்தி வைக்கலையா அக்கா?" என்று என்னையே கேட்டார்கள்.

டெஸ்க்டாப்பில் இருந்தது ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரின் நூல். எங்கள் பக்கத்துக் கிராமத்து நடவுப் பாட்டுகளையும் ஒப்பாரிகளையும் நாற்பது வருடமாகச் சேர்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தார். எட்டு மாதமாக அடித்து, 212 பக்கம் முடித்திருந்தேன். தஞ்சாவூரில் டேட்டா ரெக்கவரி செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிரிம் என்ற வசதி உடனே சுத்தம் செய்துவிடும், பழைய ஹார்டு டிஸ்காக இருந்திருந்தால் பெரும்பாலும் மீட்டிருக்கலாம் என்று சொல்லி, பணம் வாங்காமல் திருப்பி அனுப்பினார். நல்ல மனிதர்.

அப்புறம்தான் அடுத்த விஷயம் தெரிய வந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் தீபாவளிக்கு வந்தவன், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் என்று போய்ப் பார்த்துவிட்டு, "அத்தை, இது என்ன கம்பெனி லேப்டாப்பா?" என்றான். 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்' விண்டோஸ் இயங்குகிறது என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வீட்டு லேப்டாப்பில் அப்படி வந்தால் அது கிராக். பெரிய நிறுவனங்களுக்கான முறையைப் போலியாகச் செய்து ஏமாற்றும் வேலை. ஒழுங்கான லைசென்ஸ் என்றால் வழக்கமாக டிஜிட்டல் லைசென்ஸ் என்று காட்டும். அந்தக் கிராக்கை ஆன்டிவைரஸ் பிடித்துவிடாமல் இருக்க, சி டிரைவ் முழுவதையும் சோதனையிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். அதே லேப்டாப்பில்தான் நான் பேங்க் கணக்கைத் திறந்துகொண்டிருந்தேன். அன்றே எல்லா பாஸ்வேர்டையும் போனிலிருந்து மாற்றினேன்.

2,800 ரூபாய் எதற்கு வாங்கினார்கள் என்று யோசித்தால் இன்னும் வயிறு எரிகிறது. என் லேப்டாப்பின் விண்டோஸ் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. தகுதியுள்ள கணினி என்றால் விண்டோஸ் 10இலிருந்து 11க்குப் போவது இலவசம். ஆனால் என்னுடையது ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசசர், விண்டோஸ் 11 அதை ஏற்பதே இல்லை. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச ஆப்பை ஓட்டினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்தத் தடையைத் தாண்டி, அதுவும் ஹோமுக்குப் பதில் தங்கள் பென்டிரைவில் இருந்த ப்ரோ என்ற வேறு பதிப்பைப் போட்டிருக்கிறார்கள். என் உரிமம் ஹோமுக்கானது, அதனால் ப்ரோவில் செல்லவில்லை, அதனால் கிராக்.

பழைய விண்டோஸ் வேலை செய்யாது என்றதும் பொய். சப்போர்ட் முடிந்தாலும் கணினி ஓடும், பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் நிற்கும். அதையும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் அதற்குக் காசு இல்லை. தம்பி மகன் விண்டோஸ் 10 ஹோமையே திரும்பப் போட்டான். லைசென்ஸ் கீ எதுவும் கேட்காமல் தானாக ஆக்டிவேட் ஆனது. அப்டேட் பக்கத்திலேயே நீட்டிப்புக்கும் பதிவு செய்தான். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

உங்கள் லேப்டாப் 11க்குத் தகுதியானது என்றால், ஃபார்மட் வேண்டாம், இருப்பதன் மேலேயே அப்கிரேட் செய்யச் சொல்லுங்கள். ஃபைல்கள் இருந்த இடத்தில் இருக்கும், பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்கே திரும்பலாம். எதுவானாலும் கொடுப்பதற்கு முன் ஃபைல்களையும் எழுத்துருக்களையும் நீங்களே வெளி டிஸ்கில் காப்பி எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

எனக்கு ஒரே ஆறுதல், அன்று கழற்றிய பழைய ஹார்டு டிஸ்கை வாங்கி பீரோவில் வைத்திருந்தேன். எழுத்துருக்கள் அதிலிருந்து கிடைத்தன. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசி, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் பதிவு செய்த பிறகு கடைக்காரர் 2,800ஐத் திருப்பி அனுப்பினார். கூலி 1,200 இன்னும் வரவில்லை.

ஆசிரியர் ஐயாவிடம் சொல்ல நான்கு நாள் ஆனது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் காலை மஞ்சள் பையில் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "நோட்டு இருக்கு, நானும் இருக்கேன். ஆரம்பிம்மா" என்றார். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்து அவர் சொல்லச் சொல்லச் சேர்த்த திருத்தங்கள் எந்த நோட்டிலும் இல்லை. சில பாட்டுகளில் இரண்டு மூன்று வரி அவருக்கே இப்போது நினைவுக்கு வரவில்லை. நேற்றோடு 61 பக்கம் முடிந்திருக்கிறது.