வீவக வீட்டுக்கு வாஸ்துவா, ஃபெங் ஷுயியா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பதிவு செய்தபின் கட்டித்தரும் பிடிஓ வீட்டின் சாவி கைக்கு வரப்போகிறது என்றாலே, வாஸ்து பார்ப்பதா, சீனர்களின் மனைக் கணக்கான ஃபெங் ஷுயி பார்ப்பதா என்ற பேச்சு நம் குடும்பங்களில் எழுந்துவிடும். பொங்கோலில் நாலறை வீடு எடுத்தபோது நாங்கள் இரண்டையும் அலசிப் பார்த்து, ஃபெங் ஷுயி பக்கம் சாய்ந்தோம். அதனால் இதை நடுநிலையான அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாதி விஷயத்தில் இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன. வெளிச்சம், காற்றோட்டம், சுத்தம், உடைந்த சாமானை வைத்திருக்காதே, கழிவறைக் கதவை மூடி வை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கட்டி முடித்த வீட்டில் எதை மாற்ற முடியும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. வாஸ்துவுக்கு மூலைதான் உயிர். ஈசானிய (வடகிழக்கு) மூலையில் பூஜை, அக்னி (தென்கிழக்கு) மூலையில் அடுப்பு, கன்னி (தென்மேற்கு) மூலையில் குடும்பத் தலைவர் படுக்கும் அறை, நடுவே பிரம்மஸ்தானம் காலியாக இருக்க வேண்டும். மனை வாங்கி அஸ்திவாரம் போடுகிறவருக்கு அருமையான கணக்கு. வீவக வீட்டிலோ சமையலறையும் கழிவறையும் மேல்மாடி முதல் கீழ்மாடி வரை ஒரே குழாய் வரிசையில் வருகின்றன, இஷ்டத்துக்கு இடம் மாற்ற வழியில்லை. புதுக் கட்டடம் என்றால் முதல் 3 வருடம் கழிவறைத் தரையிலும் சுவரிலும் உள்ள ஓடுகளைப் பெயர்க்கவே கூடாது. வீட்டுக்குள்ளேயே கட்டித்தரும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டர் ஈசானியத்திலேயே வந்து உட்கார்ந்தாலும் அதன் சுவரை இடிக்க முடியாது. மற்ற சுவர்களை இடிப்பதற்கும் வீவக அனுமதி வேண்டும். நம் வரிசை எண் வரும்போது மிச்சமிருக்கும் வீடுகளில்தான் தேர்ந்தெடுக்கிறோம், அதில் கிழக்கு வாசலும் தென்கிழக்கு அடுப்பும் சேர்ந்து அமைவது அபூர்வம். அமையாதபோது யந்திரம், செப்புத் தகடு என்று பரிகாரம் செய்தாலும், வீட்டில் குறை இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. அந்த நினைப்போடு குடிபோக எனக்கு விருப்பமில்லை.

ஃபெங் ஷுயியிலும் கட்டுவதற்கு முன்பே பார்க்கிற பகுதி உண்டு. இங்குள்ள சன்டெக் சிட்டி வளாகத்தின் ஐந்து கோபுரங்களை இடது கை விரல்களாகவும், நீரூற்றை உள்ளங்கையாகவும் வைத்து வடிவமைத்தது அப்படித்தான். ஆனால் குடியிருப்பவர் கையில் இருக்கும் பகுதி அதில் ரொம்பப் பெரியது. படுத்திருக்கும்போது கதவு கண்ணில் பட வேண்டும், கால் நேராகக் கதவைப் பார்க்கக் கூடாது, தலைமாட்டில் கெட்டியான சுவர் இருக்க வேண்டும், உத்தரத்துக்கு நேர் கீழே தலை வேண்டாம், கண்ணாடி கட்டிலைப் பார்க்க வேண்டாம். கட்டிலை ஜன்னலடியிலிருந்து பக்கச் சுவருக்கு நகர்த்தினோம், அவ்வளவுதான், காசு செலவில்லை, அந்த அறையில் எனக்கு இப்போது நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. வாசலுக்கு நேர் எதிரே ஹால் ஜன்னல் இருந்ததால், வரும் சக்தி அப்படியே வெளியே போய்விடாமல் இருக்க நடுவில் இடுப்புயர அலமாரி ஒன்றை வைத்துச் செடிகளை அடுக்கினோம். அடுப்பும் சிங்க்கும் ஒட்டி இருந்தால் நெருப்பும் நீரும் மோதும், இடையில் மரம் வர வேண்டும் என்கிறார்கள். கறிவேப்பிலைத் தொட்டி வைத்தாயிற்று, ரசத்துக்கும் ஆகிறது. வாசலை அடைக்காதே என்பதற்காக ஷூ ரேக்கை உள்ளே கொண்டுவந்தோம், தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்று குடிமைத் தற்காப்புப் படையும் சொல்கிறது.

இன்னொன்று. வாஸ்துவின் திசைக் கணக்குக்கு இந்திய வெயிலும் காற்றும் காரணம் என்பார்கள். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு 1 பாகை தூரத்தில் இருக்கிறது, இங்கே நண்பகல் சூரியன் வருடத்தில் பாதிக்காலம் வடக்கே, பாதிக்காலம் தெற்கே. தெற்கு வாசலைக் கொண்டாடும் சீனக் கணக்குக்கும் இதே கேள்வி உண்டு. கட்டிலுக்கும் கதவுக்கும் உள்ள உறவுக்கு மட்டும் எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான்.

ஃபெங் ஷுயி முழுவதையும் ஏற்றுக்கொண்டேன் என்றும் இல்லை. பிறந்த வருடத்தை வைத்து ஒருவருக்கு நல்ல திசைகளைச் சொல்லும் குவா எண் பார்த்தால் எனக்குக் கிழக்குக் குழு, மனைவிக்கு மேற்குக் குழு; ஒரே கட்டிலில் அதற்கு என்ன செய்வது? அதை விட்டுவிட்டோம். காலத்துக்கேற்ப வீட்டின் திசைப் பலன் மாறும் என்கிற பறக்கும் நட்சத்திரக் கணக்கில் 2024 முதல் 2043 வரை ஒன்பதாம் காலம், அதற்குள் வருடா வருடம் நட்சத்திரங்கள் இடம் மாறும், பொருள்களையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிபுணரைக் கூப்பிட்டு அதையெல்லாம் நாங்கள் பார்த்ததில்லை, ஆகவே அதில் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல நான் சரியான ஆள் இல்லை. கெட்ட சக்தியைத் திருப்பி அனுப்பும் என்று மாட்டும் எண்கோணப் பாகுவா கண்ணாடியை வாசலில் மாட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அது எதிர்வீட்டைப் பார்க்கும், எதிரே குடியிருக்கும் ஆன்ட்டி முகத்தில் நாளைக்கு எப்படி விழிப்பது?

வாஸ்துவிலிருந்து இரண்டை வைத்துக்கொண்டோம். வடக்கே தலை வைப்பதில்லை, சாமி மேடை ஹாலின் வடகிழக்கில். அம்மா எங்களோடு இருக்கிறார், அவர் மனம் நிறைவதும் இந்த வீட்டு இணக்கத்தில் சேர்த்திதான்.

விற்கும்போது எது கைகொடுக்கும் என்று கேட்டால், நாங்கள் இன்னும் வீடு விற்றதில்லை. தரைவீடு வாங்கி இடித்துக் கட்டப்போகிறவர் என்னிடம் கேட்டால் மட்டும், வரைபடம் போடுவதற்கு முன்பே வாஸ்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.