சேலத்தில் அப்பாவுக்குக் கீமோவும் கரண்டும்: பாலக்கோட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

வைத்தியத்துக்கு ஐந்தில் நாலரை தருவேன். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததற்கு ஒன்றுகூடத் தேறாது. சேலத்தில் உள்ள ஒரு தனியார் புற்றுநோய் மையம் இது, பெயர் வேண்டாம். அப்பா தக்காளி விவசாயி, இளவயசிலிருந்தே பீடி. நுரையீரல் கட்டி நெஞ்சின் நடுவில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் வரை போய்விட்டது. மூன்றாம் நிலை, ஆபரேஷனுக்கு வழியில்லை என்றார்கள்.

இங்கே போனதற்கு முக்கியக் காரணம், கீமோவும் ரேடியேஷனும் ஒரே கட்டடத்தில் இருப்பதுதான். அப்பாவுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கரண்ட் (ரேடியேஷனைத்தான் அப்படிச் சொல்வோம்), ஒரு தடவைக்கு 2 கிரே (கிரே என்பது கதிரின் அளவு), மொத்தம் 30 தடவை. கூடவே வாரம் ஒருநாள் பேக்லிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகள். கீமோ நாளில் முதலில் ரத்தம் எடுப்பார்கள், வெள்ளை அணு சரியாக இருந்தால் ட்ரிப் ஏறும், அப்புறம் கீழ்த்தளத்தில் மெஷின். இதற்காக இரண்டு ஆஸ்பத்திரிக்கு அலைவதை நினைத்துப் பாருங்கள்.

ரேடியேஷன் டாக்டர் நிதானமாகப் பேசுகிறவர். ஒன்று முடிந்து இன்னொன்றாகக் கொடுத்தால் உடம்பு தாங்குமே என்று கேட்டேன். மருந்து உள்ளே இருக்கும்போது கதிர் பட்டால் கட்டியின் செல்கள் சீக்கிரம் சாகும் என்றார். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின் கணக்கையும் சொன்னார்: சேர்த்துக் கொடுத்தால் ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர் கூடுதல், ஆனால் கடுமையான உணவுக்குழாய்ப் புண் 4 சதவீதத்திலிருந்து 18 ஆகிறது. "அப்போ கரண்டை இன்னும் கொஞ்சம் ஏத்தி வைங்க சார்" என்றார் அப்பா. அதற்கும் டாக்டர் பதில் வைத்திருந்தார்: அமெரிக்காவில் 60 கிரேக்குப் பதிலாக 74 கொடுத்துப் பார்த்தார்களாம். நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை, குறைந்தது.

அந்தக் கணக்கெல்லாம் சொன்னவர்கள், புண் வந்தால் என்ன சாப்பிடுவது என்று சொல்லவில்லை. மூன்றாவது வாரம் புண் ஆரம்பித்தது. எச்சில் விழுங்கவே அப்பா கண்ணை மூடிக்கொள்வார். எங்கள் வீட்டில் மதியம் களியும் கீரைக் கடைசலும், ராத்திரி புளிக்குழம்பு. எதுவும் இறங்கவில்லை. கையில் கொடுத்த அச்சடித்த தாளில் ஓட்ஸ், காய்கறி சூப், புரோட்டீன் பவுடர்! பாலக்கோட்டுக் கிழவருக்கு ஓட்ஸ். வழிகாட்டியது கீமோ வார்டில் இருந்த பென்னாகரம் பக்கத்து நர்ஸ் அக்காதான். ராகிக் கூழை நன்றாக ஆறவைத்து, புளிக்காத மோர் விட்டுக் கரைத்துக் கொடு, குழைந்த சோற்றில் பருப்பை மசித்துப் போடு, புளியும் காரமும் மாம்பழமும் வேண்டாம் என்றார். வலி தெரியாமல் மரத்துப்போக வைக்கும் மருந்தைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் குடிக்கவேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். எடை ரொம்ப இறங்கினால் கதிர் படவேண்டிய இடத்துக்காக நெஞ்சில் போட்ட மார்க் இடம் மாறிவிடும், திரும்ப ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடவேண்டிவரும் என்றதும் அப்பா அடம் பிடிக்காமல் குடித்தார். அந்த அக்காவுக்குத் தனியாக ஐந்து நட்சத்திரம்.

மெஷின் ஒரு தடவை பழுதானது. நடுவில் இடைவெளி விழுந்தால் கட்டி மறுபடி வளரப் பார்க்கும் என்பதால், சனிக்கிழமை வரவழைத்து ஈடுகட்டினார்கள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து நாங்கள் மாட்டிக்கொண்டபோதும் போன் செய்தால் நேரத்தைத் தள்ளிவைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கீமோவும் ரேடியேஷனும் வந்துவிட்டன. சில ஸ்கேனுக்குக் கைக்காசு.

முடிந்த பிறகும் ஆறு மாசம் வரை நுரையீரலில் அழற்சி வரலாம், இருமலோ மூச்சுத்திணறலோ கூடினால் சளி என்று விட்டுவிடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல விஷயம்.

ஒரு குறை மட்டும் ஆறவில்லை. கரண்ட் முடிந்ததும் கட்டி வளராமல் இருந்தால் டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கட்டியை எதிர்க்க உதவுவது) ஒரு வருஷம் வரை போடலாம், அதையும் சில வாரத்துக்குள் தொடங்குவது நல்லது என்று கடைசி வாரம்தான் சொன்னார்கள். விலை லட்சக்கணக்கில். முதல் நாளே சொல்லியிருந்தால் நிலத்தை அடகு வைப்பதா, பெங்களூரில் விசாரிப்பதா என்று அண்ணனோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைத்திருக்கும். இப்போது போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.