விண்டோஸில் ப்ரோகிராம் தானாகத் தொடங்க: ஸ்டார்ட்அப் ஃபோல்டரா, ரெஜிஸ்ட்ரியா, டாஸ்க் ஷெட்யூலரா?

கடையின் பில்லிங் கம்ப்யூட்டரில் இரண்டு வேலைகள் தானாக நடக்க வேண்டியிருந்தது. காலையில் யார் மெஷினைப் போட்டாலும் பில்லிங் சாஃப்ட்வேர் திறந்து நிற்க வேண்டும். பின்னணியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், பில் ஃபைல்களை நாள் முழுக்க இன்னொரு கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலாவதை ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டேன். இரண்டாவதை, சொன்ன நேரத்தில் ப்ரோகிராம்களைத் தொடங்கிவைக்கும் விண்டோஸின் கருவியான டாஸ்க் ஷெட்யூலரிடம் கொடுத்தேன். இரண்டாவது முடிவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டார்ட்அப் ஃபோல்டர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஷெல்:ஸ்டார்ட்அப் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஃபோல்டர் திறக்கும். அதில் ஷார்ட்கட்டைப் போட்டால் லாகின் ஆனதும் ஓடும், எடுத்துவிட்டால் நின்றுவிடும். விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியிலும் அது தெரியும், அங்கேயே நிறுத்தியும் வைக்கலாம். கண்ணால் பார்த்து வேலை செய்யும் ப்ரோகிராமுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மூடிவிட்டால் கடைப்பையனே மறுபடி திறந்துகொள்வான். நிர்வாகி உரிமை கேட்கும் ப்ரோகிராமுக்கு மட்டும் இது ஒத்துவராது.

விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள ‘ரன்’ கீயும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. சாஃப்ட்வேர்கள் இன்ஸ்டால் ஆகும்போது தங்களை எழுதிக்கொள்ளும் இடம் அது. கட்டளை 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும், பல ப்ரோகிராம்கள் இருந்தால் எது முதலில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வைரஸ்களும் விரும்பி நுழையும் இடம் என்பதால் நாம் கையால் எழுதிய வரியை ஆன்டிவைரஸ் சந்தேகப்படலாம். சொந்த உபயோகத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இந்த இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ப்ரோகிராமை ஒருமுறை கிளப்பிவிடுவதோடு அவற்றின் பொறுப்பு முடிந்தது. பதினொரு மணிக்கு நெட்வொர்க் அறுந்து ஸ்கிரிப்ட் செத்துவிட்டால், மறுநாள் காலை லாகின் வரை அது செத்தே கிடக்கும். திரையில் எதுவும் காட்டாத ப்ரோகிராம் என்பதால் யாருக்கும் தெரியவும் தெரியாது. பேக்கப் விஷயத்தில் என்னால் இதை ஏற்கவே முடியாது. தொடங்கியதைத் தொடர்ந்து கவனிப்பது யார் என்ற கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் முடிவுசெய்தது.

டாஸ்க் ஷெட்யூலரில் ‘தோல்வியடைந்தால் மறுபடி தொடங்கு’ என்று ஒரு டிக் இருக்கிறது. பெயரைப் பார்த்து அதையே நம்பிவிடாதீர்கள். ப்ரோகிராமைத் தொடங்கவே முடியாமல் போனால்தான் அது உதவும். ஓட ஆரம்பித்து, நடுவில் பிழையோடு நின்றால், ஷெட்யூலர் அதை ‘முடிந்த வேலை’ என்றே கணக்கில் எழுதிக்கொள்கிறது. சரியான வழி டிரிக்கரில், அதாவது எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும் பகுதியில் இருக்கிறது. ‘லாக் ஆன் ஆகும்போது’ என்ற டிரிக்கரை வைத்து, அதிலேயே 5 நிமிடத்துக்கு ஒருமுறை, கால வரம்பில்லாமல் திரும்பச் செய் என்று கொடுங்கள். செட்டிங்ஸில் ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகத் தொடங்காதே’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கிரிப்ட் உயிரோடு இருந்தால் ஒன்றும் நடக்காது. செத்திருந்தால் அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் எழுந்துவிடும். ஒரே நிபந்தனை, ஸ்கிரிப்ட் இன்னொன்றைக் கிளப்பிவிட்டுத் தான் வெளியேறிவிடக் கூடாது. வெளியேறினால் ஷெட்யூலர் வேலை முடிந்ததாக நினைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிரதியாகக் கிளப்பிக்கொண்டே போகும்.

ஷெட்யூலர் தானாகவே வைத்திருக்கும் அமைப்புகளில் மூன்றை உடனே மாற்ற வேண்டும். முதலாவது, மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடு என்ற டிக். தினமும் இரவு அணைக்கிற மெஷினில் அது தெரியாது, அணைக்காமல் விடும் மெஷினில் நான்காம் நாள் தெரியும். அடுத்தது கண்டிஷன்ஸ் பகுதி. மின் இணைப்பு இருந்தால் மட்டும் தொடங்கு, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்று இருக்கும். லேப்டாப்புக்கு மட்டும்தானே என்று விட்டுவிடக் கூடாது. யூஎஸ்பி கேபிளால் இணைத்த யூபிஎஸ்ஸை விண்டோஸ் பேட்டரியாகவே எண்ணிக்கொள்வது உண்டு. கரன்ட் போகிற நேரத்தில்தான் பேக்கப் அவசியம், அப்போது பார்த்து ஷெட்யூலர் அதை நிறுத்திவிடும். மூன்றாவது, ‘ஸ்டார்ட் இன்’ கட்டம். காலியாக விட்டால் ஸ்கிரிப்ட் தன் ஃபைல்களை விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் போய்த் தேடும். அங்கே ஃபோல்டர் பாதையை மேற்கோள்குறி இல்லாமல் எழுதுங்கள்.

ஸ்கிரிப்ட் ஓடும்போது கறுப்பு ஜன்னல் திரையில் வராமலிருக்க, பயனர் லாகின் ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு இரண்டு விலை உண்டு. பாஸ்வேர்டைச் சேமித்து வைக்க வேண்டும், பின்னால் அதை மாற்றினால் இங்கேயும் மாற்றாதவரை டாஸ்க் ஓடாது. ‘இசட் டிரைவ்’ என்று எழுத்து கொடுத்து வைத்த நெட்வொர்க் டிரைவும் அந்த நிலையில் தெரியாது, முழு நெட்வொர்க் பாதையையே எழுத வேண்டும்.

ஹிஸ்டரியை வலதுபக்கப் பட்டியலில் இயக்கிவிடுங்கள், அது தானாக இயங்குவதில்லை. இயக்கிவிட்டால் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, எந்தக் குறியீட்டோடு நின்றது எல்லாம் வரிசையாக நிற்கும். மற்ற இரண்டு வழிகளிலும் இப்படி ஒரு பதிவே கிடையாது. மெஷின் மாறும்போது டாஸ்க்கை ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலாக ஏற்றுமதி செய்து புதியதில் இறக்கிக்கொள்ளலாம். பயனர் பெயரையும் பாதையையும் மட்டும் சரிபார்த்தால் போதும்.

ஷெட்யூலரின் உண்மையான குறை ஒன்றும் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் இந்த டாஸ்க்குகள் வராது. உங்களுக்குப் பிறகு மெஷினைப் பார்க்க வருபவர் அது இருப்பதையே அறியாமல் போகலாம். அதனால் டாஸ்க்கின் விளக்கக் கட்டத்தில் எதற்காக, எந்த ஃபோல்டர் என்று இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘ஆட்டோரன்ஸ்’ கருவி ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரி, ஷெட்யூலர், சர்வீஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். அதையும் அந்த மெஷினிலேயே வைத்துவிடுவது நல்லது.

ஸ்கிரிப்டை சர்வீஸாகவே, அதாவது விண்டோஸே பின்னணியில் ஓட்டிக் கவனிக்கும் ப்ரோகிராமாகவே ஆக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். லாகின் தேவையில்லை, நின்றால் மீண்டும் தொடங்கும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் சாதாரண ஸ்கிரிப்டை அப்படியே சர்வீஸாக்க முடியாது, அதைச் சுற்றி இன்னொரு ப்ரோகிராம் வேண்டும். அந்த வழியில் நீண்ட நாள் ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை. யாரும் லாகின் ஆகாமலே நாள்கணக்கில் ஓடும் சர்வர் என்றால் முதலில் அதைத்தான் முயன்று பார்ப்பேன்.