டெக்காப்போவுக்கு எந்தப் படகு?

டிசம்பரில் நியூசிலாந்து போவது முடிவாகிவிட்டது. டெக்காப்போ ஏரி என்பதும் முடிவு. எந்தப் படகில் என்பதில்தான் ரெண்டு மாதமாக வீட்டில் சண்டை. மச்சானிடம் இருப்பது மடக்குக் காயாக், அதாவது மடித்துப் பையில் வைக்கிற ஒடுக்கமான துடுப்புப் படகு. அலுமினியக் கம்பிகளைக் கோத்து அதன்மேல் உறை மாட்டுவது. நான் வாங்கியது பேக்ராஃப்ட், காற்றடைக்கிற குட்டிப் படகு. "ரெண்டும் வேணாம், அங்கேயே வாடகைக்கு எடுங்க" என்பது அக்கா கட்சி.

முதலில் ஏரியைச் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 710 மீட்டர் உயரம். வடக்கே காட்லி ஆறு, பனியாறு அரைத்த பாறைத்தூளைக் கொண்டுவந்து கொட்டுவதால் தண்ணீர் பால் கலந்த நீலம். ஊர் தெற்குக் கோடியில். வடமேற்குக் காற்று டாஸ்மன் கடலிலிருந்து கிளம்பி, மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து சூடாக இறங்கும். இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஏரியில் தடுக்க ஒன்றும் இல்லை. ஊர்ப்பக்கம் வருவதற்குள் அலை நன்றாக வளர்ந்துவிடும். நம் பினாங்கு ஆட்களுக்குத் தெரிந்த சுமத்ரா காற்று வேறு ரகம். அது விடியற்காலையில் மேற்கே கறுப்புக் கோடாகத் தெரியும், ஒன்றிரண்டு மணி நேரம் ஆடிவிட்டு அடங்கும். அங்கே தலைக்குமேல் வெயில் அடிக்கும்போதே காற்றும் அடிக்கும், சில நாள் ஓயவே ஓயாது.

எடையில் பேக்ராஃப்டை அடிக்க ஆளில்லை. மூன்று கிலோ, முதுகுப்பையில் அடங்கிவிடும். மச்சானுடைய பை 24 கிலோ. விமானத்தில் அதற்குத் தனியாக ரிங்கிட் கட்ட வேண்டும்.

காற்றில் கதை தலைகீழ். தெலுக் பஹாங்கில் ஒரு மதியம், எதிர்க்காற்றில் பேக்ராஃப்டைச் செலுத்திப் பார்த்தேன். பக்கத்தில் மீனவர் வலையின் வெள்ளை மிதவை ஒன்று. பத்து நிமிடம் மூச்சு வாங்கத் துடுப்புப் போட்டுவிட்டுத் திரும்பினால், மிதவை அதே இடத்தில், என் இடது முழங்கைக்கு நேராக. மச்சான் என்னைத் தாண்டிப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, சிரித்துக்கொண்டே திரும்பினார். மடக்குக் காயாக் நீளம், தண்ணீரோடு தாழ்ந்து போகும், காற்றுக்குப் பிடி கொடுக்காது. இப்படி மடக்குகிற க்ளெப்பர் கம்பெனிப் படகில்தான் 1956இல் ஹன்னஸ் லிண்டமன் என்ற ஜெர்மன் மருத்துவர் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தார். இதை மச்சான் பசியாறும்போதெல்லாம் சொல்வார்.

ஆனால் அன்று சாயங்காலம் கம்பிகள் கழலவில்லை. உப்பு ஏறி இறுகிவிட்டன. ஒட்டுக்கடையில் சுடுதண்ணீர் வாங்கி ஊற்றி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். உறையின் மடிப்பில் ஒரு கைப்பிடி மணல். நியூசிலாந்து விமான நிலையத்தில் மண் ஒட்டிய சாமானை அறிவித்தே ஆகவேண்டும். தெற்குத் தீவில் 2004இல் டிடிமோ என்ற பாசி தென்பட்டதிலிருந்து, ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் எதையும் கழுவி, ஈரம் போனபிறகும் 48 மணி நேரம் காயவிடச் சொல்கிறார்கள். துணியும் கம்பியுமான படகுக்கு இது பெரிய வேலை. வாடகைப் படகு என்றால் இந்தத் தலைவலி நமக்கில்லை.

இதுவரை மச்சான் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். கவிழ்த்துப் பார்த்ததும் மனம் மாறியது.

சில்லென்ற தண்ணீரில் விழுந்தவனுக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. மூச்சைக் கட்டுக்குக் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி. வெதுவெதுப்பான கடலிலேயே குளித்து வளர்ந்த நமக்கு அந்த முதல் நிமிடமே புதுசு.

ஆகவே கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தோம். பேக்ராஃப்ட்: ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிட்டேன். ஆனால் இரண்டாம் தடவை கை நழுவியது. காற்று அதை இலைபோல் உருட்டிக்கொண்டு போனது, நீந்திப் பிடிக்க முடியவில்லை. மடக்குக் காயாக்: உள்ளே தடுப்பறை இல்லாததால் குளியல் தொட்டிபோல் நிரம்பியது. மச்சான் ஏறி, தண்ணீரை இறைத்து முடிக்க 11 நிமிடம். நண்பரிடம் இரவல் வாங்கிய கெட்டி ஓட்டுக் கடல் காயாக் (அக்கா சொன்ன வாடகைப் படகு இந்த ரகம்): முன்னும் பின்னும் அடைத்த அறைகள், நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். அக்கா பக்கத்தில் படகை நிறுத்திப் பிடித்துக்கொள்ள, நான் ஏறியது நாலு நிமிடம்.

கெட்டி ஓட்டுக்குக் குறை இல்லாமல் இல்லை. கரைக்குத் தூக்கிப் போவதற்குள் தோள் போய்விடும். நாங்கள் விசாரித்த இடங்களில் வழிகாட்டி இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். கிழக்குக் கரையோரம் லில்லிபேங்க் சாலையில் மேலே போய், ஏரியின் தலைமாட்டிலிருந்து இறங்கும் ஆசை அதோடு போச்சு. போகட்டும். பின்காற்று சுகமாகத் தள்ளுகிறதே என்று வந்தால், போகப்போக அலைதான் பெரிதாகும்.

வழிகாட்டியோடு வாடகைப் படகு, விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் கரை என்று பதிவு செய்துவிட்டேன். பேக்ராஃப்ட் வீட்டில் கிடக்கட்டும்.

மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. படகின் இரு முனைக்கும் காற்றுப்பை வாங்கியிருக்கிறார். போன ஞாயிறு மறுபடி கவிழ்த்தார்: ஆறரை நிமிடம். "டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார்.