ஓஸ்மோ பாக்கெட் 3: கைநடுக்கத்தை அது பார்த்துக்கொள்ளும், கால்குதிப்பை நாம்தான் பார்க்கணும்

கைக்குள் அடங்குகிற வீடியோ கேமராவான டிஜேஐ ஓஸ்மோ பாக்கெட் 3 வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். தனியாளாகச் சுற்றி, நடந்துகொண்டே படம் எடுக்கிற ஆள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் "இத வாங்கிட்டா வீடியோ தானா வழுக்கிட்டு வருங்க" என்று கடையில் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள்.

ஏன் பாதி? இதன் தலையில் இருக்கிற லென்ஸைச் சின்னச் சின்ன மோட்டார்கள் மூன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன, இதற்குத்தான் ஜிம்பல் என்று பெயர். கை இடவலமாகத் திரும்பினாலும், மேலும் கீழும் சாய்ந்தாலும், பக்கவாட்டில் சரிந்தாலும் அவை எதிர்ப்பக்கம் திருப்பிச் சமன் செய்துவிடும், போன் செய்வதுபோல எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டிச் சரிக்கட்டுகிற வேலை இல்லை, அதனால்தான் இருட்டிலும் படம் கொழகொழவென்று ஆடாமல் நிற்கிறது. ஆனால் நீங்கள் நடக்கும்போது உடம்பு முழுக்க ஏறி இறங்குகிறதே, அதைச் சரிசெய்ய இதில் எந்த மோட்டாரும் கிடையாது. தூரத்தில் தென்னந்தோப்பும் மலையும் தெரிகிற காட்சியில் அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் ஒரு தூணோ ஆளோ வந்தால் ஒவ்வொரு அடியும் தெரியும். தலையில் தண்ணிக்குடம் வைத்து நடக்கிற அம்மாக்களைப் பாருங்கள், அந்த நடைதான் வேண்டும்: முழங்கால் லேசாக மடங்கி, குதிகால் முதலில் பதிந்து, முழங்கை விலாவை ஒட்டி. கொஞ்ச நாளில் பழகிவிடும், பழகும்வரை ஊரே நம்மைப் பார்த்துச் சிரிக்கும், சிரிக்கட்டும்.

அடிப்படை விவரங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபரில் வந்தது. எடை 179 கிராம். ஒரு இஞ்ச் சென்சார், எஃப் 2 லென்ஸ், பின்னால் 2 இஞ்ச் திரை. திரையைக் குறுக்கே திருப்பினால் கேமரா ஆன் ஆகிவிடும், நிமிர்த்தினால் ரீல்ஸுக்கு ஏற்ற நெட்டுக்குத்தான படம். 4கே எடுக்கும், ஸ்லோமோஷனில் 4கே, நொடிக்கு 120 பிரேம் (படம்) வரை போகும். உள்ளே மெமரி எதுவும் கிடையாது, மைக்ரோ எஸ்டி கார்டு நாம் போட்டால்தான் வேலை செய்யும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது எந்த ஸ்பெக்கிலும் வராத ஒன்று, இதன் சின்ன உருவம். பவானியில் ஜமக்காளம் நெய்கிற ஒரு குழித்தறியில் எடுக்கப் போயிருந்தேன். பெரிய கேமராவைத் தூக்கினால் தறியில் இருக்கிறவர் முதுகை நிமிர்த்தி, சட்டையை இழுத்துவிட்டு, சிரித்தபடி உறைந்துவிடுவார். இதைப் பார்த்த பெரியவர், "என்ன கண்ணு அது, சேவிங் மிசினா?" என்றார். "இல்லீங்கய்யா, கேமராங்க" என்றேன். நம்பினாரோ இல்லையோ, அடுத்த நிமிடமே கால் மிதியும் நூலை ஓட்டுகிற நாடாவுமாக அவர் வேலையில் இறங்கிவிட்டார். தறிக்குழிக்குள் கால் மிதிப்பதை எடுக்கக் கையை நீட்டிக் கேமராவை உள்ளே இறக்கினால் போதும், நாம் குனிந்து மண்டையை இடித்துக்கொள்ள வேண்டியதில்லை. 20 சென்டிமீட்டர் வரை கிட்டப் போனாலும் ஃபோகஸ் நிற்கிறது, நூல் இழை இழையாகத் தெரியும்.

அதே தறிக்கூடத்தில் இன்னொரு சங்கதி உண்டு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மின்னி மறைகிறது. 25 பிரேம் வைத்து, ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்குகிற நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று பூட்டிவிட்டால் பட்டை போய்விடும். ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் 120 பிரேமை விட்டுவிட்டு, உங்கள் கேமரா மெனுவில் இருந்தால் 100 பிரேம், 1/100 ஷட்டர் வையுங்கள். 120 பிரேமில் ஷட்டரை 1/120க்குக் கீழே இறக்கவே வழியில்லை, விளக்கு மினுங்கும் வேகத்தோடு அது ஒத்துப்போகாது. 100 பிரேமை 25இல் ஓட்டினால் நாலு மடங்கு மெதுவாகும், நாடா ஓடுவதைக் காட்ட அது போதும். யூடியூபில் 30, 60, 120 என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் 60 ஹெர்ட்ஸ் கரண்டு இருக்கிற நாட்டுக்காரர்கள், அதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. கோயில் திருவிழாவில் கட்டுகிற மலிவான சீரியல் லைட்டுக்கு மட்டும் இந்த வைத்தியமும் எடுபடாது.

அப்புறம் வெயில். ஆட்டோவில் விட்டால் நம் ஊர் மத்தியான வெயிலுக்கு ஷட்டர் ஆயிரக்கணக்கில் ஏறிவிடும், லென்ஸ் திறப்பை இதில் சுருக்க முடியாது. வெளிச்சத்தை வாங்கும் திறனான ஐஎஸ்ஓவை 50இல் வைத்தாலும் சுமார் 1/3200 வரும். பந்தயம் ஓடுகிற ரேக்ளா வண்டியை அப்படி எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பிரேமும் கூர்மையாக இருக்கும், ஓட்டிப் பார்த்தால் காளையின் கால் வெட்டி வெட்டி நகரும். வழுவழுப்பு என்பது கேமரா ஆடாமல் இருப்பது மட்டுமில்லை, ஓடுகிற கால் கொஞ்சம் கலங்கித் தெரியணும். வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காகக் குறைக்கிற கருங்கண்ணாடியான என்டி 64 ஃபில்டர் ஒன்று மாட்டினால் 1/3200 நேராக 1/50க்கு இறங்கிவிடும், கணக்கு அவ்வளவுதான். காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொள்கிற ஃபில்டர் செட் தனியாக விற்கிறார்கள். இந்தக் கேமராவுக்கு முதலில் வாங்க வேண்டிய சாமான் அதுதான் என்பேன், ஸ்டாண்டெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வித்தியாசமாக எடுக்க என்னென்ன இருக்கிறது என்றால், ஸ்பின்ஷாட் என்று ஒன்று படத்தைச் சுழற்றிக் காட்டும், எனக்கு ரெண்டு தடவைக்கு மேல் சலித்துவிட்டது. மோஷன்லாப்ஸ் அப்படியில்லை. கேமராவை ஒரு இடத்தில் நிறுத்தி, எங்கிருந்து எங்கே மெதுவாகத் திரும்பணும் என்று சொல்லிவிட்டால், மணிக்கணக்கில் நடப்பதை நொடிகளில் சுருக்கித் திரும்பிக்கொண்டே காட்டும். உடுமலைப் பக்கம் காற்றாலைகளுக்கு மேலே ஆடி மாத மேகம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே ஓடுமே, அதை இதில் எடுத்துப் பாருங்கள். கேமரா காற்றில் சாயாமல் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கணும். அந்தக் காற்றில் பேசி எடுப்பதாக இருந்தால் மைக்குக்கு ரோமத் தொப்பி கட்டாயம், இல்லையென்றால் வெறும் புர்ர் சத்தம்தான் கிடைக்கும். டிஜேஐ மைக் 2 என்கிற வயர்லெஸ் மைக் நேராக இதோடு இணையும், கிரியேட்டர் காம்போ என்கிற செட்டாக வாங்கினால் அது பெட்டியிலேயே வரும்.

வள்ளி கும்மிக்கு இதைவிடத் தோதான கேமராவை நான் பார்க்கவில்லை. வட்டத்துக்கு வெளியே நின்று எடுத்தால் எல்லாருடைய முதுகும்தான் வரும். நடுவில் போய் நின்றுகொண்டு, சாய்வை மட்டும் பூட்டுகிற டில்ட் லாக் மோடில் வைத்து, ஆடுகிற வேகத்துக்கே நாமும் மெல்லத் திரும்பினால், ஒவ்வொரு முகமாக வந்து கைதட்டிவிட்டுப் போவது அப்படியே கிடைக்கும். ஜிம்பல் வேகத்தை 'ஸ்லோ'வில் வைத்தால் நம் திருப்பத்தில் இருக்கிற வெட்டும் அடங்கிவிடும். ஆளைத் தொட்டால் பின்தொடர்கிற டிராக்கிங்கை இங்கே நம்பாதீர்கள், ஒரே நிறச் சேலையில் அத்தனை பேர் குறுக்கும் மறுக்கும் வந்தால் எந்தக் கேமராவும் ஆளை மாற்றிப் பிடிக்கத்தான் செய்யும். சந்தையில் ஒருத்தர் பின்னால் நடக்க, மஞ்சள் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே போகிறவரைப் பிடிக்க அது நல்ல வசதி.

சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். 27 கொண்டை ஊசி வளைவு. ஃபாலோ மோடில் பஸ் திரும்பினால் உடனே வெடுக்கென்று திரும்பாமல் ஒரு கணம் தாமதித்து மெதுவாகப் பின்னால் வரும், பள்ளத்தாக்கு விரிகிறபோது அது அழகாக இருக்கிறது. இந்த மாதிரி உட்கார்ந்த இடத்தில் எடுக்கும்போது கால்குதிப்புப் பிரச்சினையும் இல்லை. புலிகள் காப்பகம் என்பதால் வண்டியை நிறுத்தி இறங்கி எடுக்கிற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

குறை என்று பார்த்தால், தண்ணீர் ஆகவே ஆகாது. கொடிவேரி அணையில் சாரல் அடிக்கிற இடத்துக்கு இதை எடுத்துப் போவதற்குப் பதில், ஆக்‌ஷன் கேமரா வைத்திருக்கிற ஒரு நண்பரைக் கூட்டிப் போகலாம். அந்தியூர்க் குதிரைச் சந்தைப் புழுதியிலும் எடுக்காத நேரத்தில் மூடி போட்டு வைப்பதுதான் நல்லது, மோட்டார் மூட்டுகள் எல்லாம் வெளியிலேயே இருக்கின்றன. ஆப்டிகல் ஜூம் இல்லை, டிஜிட்டலில் இழுத்தால் படம் கரையும். கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையிலிருந்து தாலி கட்டுவதை எடுக்கணும் என்றால் இது உங்களுக்கு இல்லை. பேட்டரியைக் கழற்றி மாற்றவும் முடியாது. 1080பி, 24 பிரேமில் 166 நிமிடம் என்று கம்பெனி சொல்கிறது, 4கேயில் அதைவிடக் கம்மிதான், ஆனால் வேகமான சார்ஜரில் 16 நிமிடத்தில் 80 சதவீதம் ஏறிவிடும் என்கிறார்கள், டீ குடிக்கிற நேரம்.

டி-லாக் எம் என்று ஒரு வண்ண அமைப்பு இருக்கிறது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கலர் சரிசெய்யத் தெரிந்தவர்களுக்கு அது தங்கம், தெரியாதவர்கள் தொட வேண்டாம், சாதாரண கலரே முகத்துக்கு நன்றாக இருக்கிறது.

வாங்கும்போது காம்போவா வெறும் கேமராவா என்று குழம்புகிறவர்கள், பேசி எடுக்கிற ஆள் என்றால் காம்போ, தறி, காடு, மாடு என்று பேசாமல் எடுக்கிற ஆள் என்றால் வெறும் கேமராவும் என்டி செட்டும் வேகமாக எழுதுகிற ஒரு நல்ல வி30 மெமரி கார்டும் போதும். ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று சொல்கிற கடையில், நாளைக்கு மோட்டார் மக்கர் பண்ணினால் யாரிடம் போவது என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் முடிவு பண்ணிக்கொள்ளலாம்.