விலை ஓடுகிறபோது முதல் வீடு: பெரியதா, சிறியதா, வாடகையா?

விலை நிற்காமல் ஏறும் சந்தையில் வீடு தேடுகிறவர்களை ஒரே பயம்தான் ஆட்டிப் படைக்கிறது: இப்போது விட்டால் அப்புறம் எப்போதுமே வாங்க முடியாமல் போய்விடுமோ? நானும் பல மாதம் அந்தப் பயத்தோடு அலைந்திருக்கிறேன். சனிக்கிழமை பார்த்த வீட்டைப் பற்றித் திங்கள்கிழமை கேட்டால் “முடிந்துவிட்டது” என்பார்கள். முன்னால் இருந்தவை மூன்று வழிகள். அகலக்கால் வைத்து, மனதுக்குப் பிடித்த பெரிய வீட்டை வாங்குவது. கைக்கு அடக்கமான சிறிய வீட்டையோ பழைய வீட்டையோ வாங்குவது. அல்லது வாடகையில் இருந்தபடி சந்தை தணியக் காத்திருப்பது.

மூன்றில் எது லாபம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. நாளைய விலை யாருக்கும் தெரியாது. நமக்கு வேண்டாத நேரத்தில் விற்றே ஆகவேண்டிய நிலைக்கு எது நம்மைத் தள்ளும் என்று கேட்டால்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

முதலில் வாடகை. “வாடகை கொடுப்பது தண்டம், அதையே தவணையாகக் கட்டலாமே” என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு ஒரு லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 836. முதல் மாதத்தில் அதில் 667 வட்டிக்கே போய்விடும். ஐந்து ஆண்டு தவறாமல் கட்டினால் மொத்தம் 50,000-க்கு மேல் கட்டியிருப்பீர்கள். அசலோ இன்னும் 87,500 அளவில் நிற்கும். வாடகைக்குப் போகும் பணம் திரும்பாது என்றால் வட்டிக்குப் போகும் பணமும் திரும்பாது. இதோடு பதிவுச் செலவு, தரகு, வக்கீல் கட்டணம், குடிபோகும் செலவு எல்லாம் சேரும். இரண்டு மூன்று ஆண்டில் வேறு ஊருக்கு மாற வாய்ப்புள்ளவர்களுக்கு வாடகையே நல்லது என்பேன், சந்தை எவ்வளவு சூடாக இருந்தாலும் சரி.

ஆனால் காத்திருப்பதிலும் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வீட்டு விலை 100, கடன் போக நம் கையிலிருந்து கட்டவேண்டிய முன்பணம் விலையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 சேர்த்தால் நான்கே ஆண்டில் கைக்கு வந்துவிடும் என்றுதான் தோன்றும். விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் ஆறாவது ஆண்டில் எட்டிப் பிடித்துவிடலாம். 10 சதவீதம் ஏறினால்? நான்காம் ஆண்டு முடிவில் கையில் 20, தேவையோ 29. பத்தாம் ஆண்டில் கையில் 50, தேவை 52. அதற்கப்புறம் இடைவெளி மறுபடியும் விரியத் தொடங்கும். சேமிப்புக்கு வட்டி வராமலும் சேர்க்கும் தொகை கூடாமலும் இருந்தால் அந்த முன்பணத்தை எட்டவே முடியாது. இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, விலை அப்படியே ஏறிக்கொண்டே இருக்குமா என்றால் அதுவும் இல்லை. ஜப்பானில் நகர்ப்புற நிலத்தின் விலை 1991 வாக்கில் உச்சம் தொட்டு, அப்புறம் பத்தாண்டுக்கும் மேல் இறங்கியது. அயர்லாந்தில் 2007-ல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை அடுத்த ஐந்தாறு ஆண்டில் ஏறத்தாழப் பாதியானது. அதற்கு முன்பு அங்கேயும் இதே பயத்தில் ஓடி ஓடி வாங்கியவர்கள் இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் பெரிய வீடு எனக்குக் கவலை தருகிறது. சொந்தப் பணம் 20, கடன் 80 என்று 100-க்கு வாங்கினால், விலை வெறும் 10 சதவீதம் இறங்கியதும் உங்கள் பணத்தில் பாதி காணாமல் போகும். விற்காதவரை அது காகித நஷ்டம்தான். ஆனால் தவணை கழுத்தை நெரித்தால் விற்காமல் எப்படி இருப்பது? மாறும் வட்டியில் கடன் வாங்கியிருக்கிறீர்கள், வாங்கிய சில மாதத்திலேயே வட்டி 8-லிருந்து 10 ஆகிறது என்றால் 836 தவணை 965 ஆகும். தவணையை மாற்ற வேண்டாம், காலத்தை நீட்டிக்கொள்ளலாம் என்றால் இன்னும் மோசம்: அந்த 836-ல் 833 வட்டிக்கே போகும். கடன் இருந்த இடத்திலேயே நிற்கும்.

போட்டி போட்டு விலை கேட்கும் வழக்கம் உள்ள இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1971-ல் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பொறியாளர்கள் மூவர், எண்ணெய் வயல் ஏலங்களைப் பற்றி ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் அந்த வயலின் மதிப்பை மற்றவர்களைவிட மிகையாகக் கணித்தவர்தான். வீட்டிலும் இதேதான். பத்துப் பேர் கேட்ட வீடு உங்களுக்குக் கிடைத்தது என்றால், மற்ற ஒன்பது பேரும் அந்த விலைக்கு வேண்டாம் என்று நின்றுவிட்டார்கள் என்று பொருள். உச்ச வரம்பை வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பார்த்தபிறகு மனசு கேட்காது.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு நான்காவது வழியாக வரும். விலை குறைவாகத் தெரியும். தாமதமானால் வாடகையும் வட்டியும் சேர்ந்து கட்ட வேண்டிவரும் என்பதால், கையிருப்பு குறைவாக உள்ள முதல் வீட்டுக்காரர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சிறிய வீடும் எல்லோருக்கும் பொருந்திவிடாது. “முதலில் சின்னதை வாங்கு, விலை ஏறியதும் விற்றுப் பெரியதுக்குப் போ” என்ற பேச்சில் ஒரு ஓட்டை இருக்கிறது. சின்னது 100, பெரியது 160 என்றால் இடைவெளி 60. இரண்டும் 20 சதவீதம் ஏறினால் 120-க்கும் 192-க்கும் இடையே 72 ஆகிவிடும். நீங்கள் ஏறிய அதே ஏணியில் பெரிய வீடும் ஏறுகிறது. ஆகவே விற்று மாறும் திட்டத்தோடு வாங்காதீர்கள். ஏழு ஆண்டாவது அங்கேயே வாழ முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கி முடித்தபிறகும் ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் மிஞ்ச வேண்டும். இவை இரண்டும் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சிறிய வீட்டின் பக்கம்தான். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வாடகை. பெரிய வீடு, இருவர் சம்பாதிக்கும் குடும்பத்தில் ஒருவர் வருமானத்திலேயே தவணை கட்ட முடிகிறவர்களுக்கு மட்டும்.

சிறிய வீடுகளில் பழையவையே நிறைய வரும், அவற்றை அவசரத்தில் பார்க்கக் கூடாது. எனக்குப் பிடித்துப்போன ஒரு வீட்டில் படுக்கையறையின் ஒரு மூலைக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தது. அங்கே உள்ளங்கையை வைத்தேன். மற்ற சுவரைவிடச் சில்லென்று இருந்தது. சுவருக்கு மறுபக்கம் குளியலறை. குழாய்களையெல்லாம் ஒன்றாகத் திறந்துவிட்டேன், சமையலறையில் தண்ணீர் நூலாக இறங்கியது. ஜன்னலின் மேல் முனையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக ஓடியது. அப்படிச் சாய்ந்து ஓடும் விரிசல், கட்டடம் சீரில்லாமல் இறங்குவதற்கு அடையாளமாக இருக்கலாம். பொறியாளரை அழைத்து வர இரண்டு நாள் கேட்டேன். “நாலு மணிக்கு இன்னொரு பார்ட்டி வருகிறது சார், இப்போதே முன்பணம் கொடுத்தால்தான்” என்றார் தரகர். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அன்று மாலையே வீடு கைமாறியது. ஒரு வாரம் மனசு ஆறவில்லை.

அடுத்த ஐந்து மாதத்தில் விலை இன்னும் ஏறியது. கடைசியில் அதைவிட ஓர் அறை குறைந்த வீட்டை, கொஞ்சம் கூடுதல் விலைக்குத்தான் வாங்கினோம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, நல்ல மழை பெய்த ஒரு மாலையில் சொல்லாமல் போய் வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா குடையோடு வெளியே வந்து, “இங்கே தண்ணீர் நிற்காதுப்பா, கீழ்த்தெருவில்தான் நிற்கும்” என்றார். மறுநாள் வக்கீலிடம் பத்திரங்களைக் கொடுத்தோம்.